மச்சானுக்குச் செய்த கடல் தூண்டில்

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். அத்தா பற்றவைக்கும் இரும்பை மணலில் குத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மா கடை வாசலில் வந்து நின்றாள்.

எங்கள் தகரக் கடைக்கு அம்மா வந்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. தர்மபுரி கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது கடை. ட்ரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய்ப் புனல், ராகி கொட்டி வைக்கிற டின் எல்லாம் செய்வோம். அத்தாவும் நானும்தான் வேலையாட்கள். வீடு கூப்பிடு தூரம்தான், ஆனாலும் சாப்பாடு யாரிடமாவது கொடுத்தனுப்பி வரும், அம்மா வரமாட்டாள்.

“ஏங்க, கரீமுக்கு ஒரு தூண்டில் பண்ணிக் குடுங்க” என்றாள்.

அத்தாவுக்குப் புரியவில்லை. “தூண்டிலா?”

“ஆமாங்க. கடல்ல மீன் புடிக்கற தூண்டில். நல்லதா இருக்கணும். நம்மால முடிஞ்ச வெலையிலயும் இருக்கணும்.”

தர்மபுரியில் கடல் ஏது என்று அத்தா கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா நின்றபடியே சொன்னாள். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வருகிற சங்கு வளையல் வியாபாரி அன்று காலை வீட்டுக்கு வந்திருக்கிறார். கரீம் மச்சான் இருக்கிற ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர்.

“மத்தியானம் வரைக்கும் மிஷின்ல தைக்கறானாம். அப்புறம் கடலோரம் போயி உக்காந்துக்கறானாம். இருட்டற வரைக்கும் உக்காந்தே இருக்கறானாம். போன வாரம் இடுப்பளவு தண்ணியில நின்னானாம், சட்டையோட. வலைக்காரங்க ரெண்டு பேரு போயி கையைப் புடிச்சு இட்டாந்திருக்காங்க. ஏன் போனேன்னு கேட்டா பதிலே இல்லியாம்.”

மச்சானுக்கு நீச்சல் தெரியாது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மனிதன் எதற்காக நின்றான் என்பதற்கு ஒரு சொல் உண்டு. எங்கள் மார்க்கத்தில் அந்தச் சொல்லை வீட்டில் உச்சரிக்கவே பயப்படுவோம். அம்மாவும் அதைச் சொல்லவில்லை.

“கடலை வுட்டுட்டு வாடான்னா வரமாட்டான். அங்கதான் உக்காருவான்னா உக்காரட்டும். சும்மா உக்காரக் கூடாது. கையில ஏதாச்சும் இருக்கணும்” என்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

இறகு கட்டின தையல்காரர்

கரீம் மச்சானைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் அம்மாவின் அண்ணன் மகன். பெற்றவர்கள் இரண்டு பேரும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. எங்கள் வீட்டில் வளர்ந்து, தையல் படித்து, என் அக்கா சபியாவைக் கட்டிக்கொண்டார். அதனால் அம்மா அவருக்கு அத்தையும் மாமியாரும் ஆனாள். இரண்டுக்கும் சேர்த்து “மாமி” என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்த கதை வேடிக்கையானது. ஒகேனக்கல்லில் மீன் பிடிக்க வந்த ஓர் அதிகாரி, கோட்டுப் பொத்தான் தைக்க மச்சானிடம் வந்தார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தூண்டில் முள்ளையும் எடுத்து நீட்டினார். முள்ளின் மேல் இறகு கட்டி, பூச்சி மாதிரி செய்திருந்தது. கட்டு அவிழ்ந்துபோயிருந்தது. “நூல் வேலைதானேப்பா, கட்டிக் கொடு” என்றார். மச்சான் கட்டிக் கொடுத்தார். கட்டுவதற்கு முன்னால் முழுக்கப் பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே சேவல் கழுத்து இறகும் ஜரிகை நூலுமாகத் தானே நாலைந்து கட்டிவிட்டார். மண்புழுவைக் கையால் தொடவே அருவருப்புப் படுகிறவர் அவர். இறகுத் தூண்டிலில் அந்தத் தொல்லை இல்லை. ஒகேனக்கல் பஸ் ஏறி, பாறை மேல் நின்று, நூலை முன்னும் பின்னும் விசிறி, இறகு தண்ணீரில் பூச்சி விழுகிற மாதிரி விழச் செய்வார். பரிசல்காரர்கள் முதலில் கைகொட்டிச் சிரித்தார்கள். கெண்டை மாட்டியதும் சிரிப்பு நின்றது.

அக்கா மட்டும் சிரிப்பதை நிறுத்தவில்லை. “ஊர்ல எல்லாரும் மீனுக்குத் தீனி போட்டுப் புடிப்பாங்க. எங்க வூட்டுக்காரரு மீனை ஏமாத்திப் புடிக்கறாரு” என்பாள். அவர் கொண்டுவரும் மீனை அவள்தான் ஆய்வாள். வயிறு எட்டு மாதம் ஆன பிறகும் யாரையும் கிட்ட விடவில்லை.

பிரசவத்தில் அக்காவும் அவள் பெற்ற பிள்ளையும் ஒரே நாளில் மௌத்தாகி, எங்களை விட்டுப் போனார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள், தூரத்து உறவில் ஒருவர் கடலோர ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு மச்சான் கிளம்பிப் போய்விட்டார். ஆற்றுத் தூண்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அக்கா பெயரைச் சொல்வதில்லை. அம்மாவுக்காக நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்காக அம்மா சொல்லவில்லை.

சேலத்துக் கண்ணாடிப் பெட்டி

அத்தா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. முதலில் கடையில் கிடைப்பதைப் பார்த்துவிடுவோம் என்றார். இரண்டு பேரும் சேலம் போனோம்.

துப்பாக்கித் தோட்டாவும் வேட்டைச் சாமானும் விற்கிற ஒரு பெரிய கடையில் தூண்டில் சாமான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைச் சக்கரம், துருப்பிடிக்காத முள், வழவழவென்று சீமைக் கழி எல்லாம் படுத்திருந்தன. கடைக்காரர் மரியாதையானவர். “கடலுக்குன்னா இதுதாங்க. உப்பு மத்ததைத் தின்னுடும்” என்றார்.

விலையைக் கேட்டோம். அத்தா சக்கரத்தை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காதருகே வைத்துச் சத்தத்தைக் கேட்டார். மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நல்ல வேலைங்க” என்றார். வெளியே வந்ததும் என்னிடம், “இதை நான் பண்ணுவேன்டா” என்றார்.

பண்ணுவார்தான். ஆனால் தகரத்தில் பண்ணுவார். கடைக்காரர் சொன்ன உப்பு விஷயம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. உப்பு எங்களுக்குச் சமையலறைச் சாமான். அதற்குப் பல் இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடல் பார்க்காதவர்களின் யோசனை

அடுத்து ஒகேனக்கல் போனேன். மச்சானுக்குத் தெரிந்த பரிசல்காரர் மாதுவைப் பிடித்தேன். கடலுக்குத் தூண்டில் என்றதும் மீன் வறுக்கிற கடையோரம் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவராவது கடலைப் பார்த்திருந்தால்தானே!

“ஆத்து மீனு அப்படியே போயி கடல்ல வளருதுங்க. அதான் கடல் மீனு. முள்ளை மட்டும் பெரிசா போடுங்க” என்றார் மாது.

அக்கரையிலிருந்து வந்த கன்னடக்காரர் ஒருவர், “சமுத்திரான்னா ஏனு? தொட்ட ஆறு, அஷ்டே” என்று கையை விரித்தார். பெரிய ஆறு, அவ்வளவுதானே என்கிறார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் கண்டிப்பாக இருந்தார்கள். நூலையும் சக்கரத்தையும் ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஒகேனக்கல் பழக்கம் அது. வெயிலில் காய்ந்தால் பட்டு நூல் முறுகும், மூங்கில் வெடிக்கும். பிடித்து முடித்ததும் நனைந்த துணியோடே சுருட்டிப் பரண் மேல் போடுவார்கள். “அதை மட்டும் மறந்துராதீங்க. அதே தண்ணியில நனைச்சுச் சுத்தி வையுங்க” என்று மாது இரண்டு தடவை சொன்னார்.

கழிக்குப் பென்னாகரத்திலிருந்து கல்மூங்கில் வாங்கினேன். பஸ்ஸில் கொண்டுபோக வசதியாக அதை இரண்டாக அறுத்து, நடுவில் தகரக் குழாய் போட்டு இணைத்தார் அத்தா. இறகுக்குக் காரிமங்கலம் சந்தை. செவலைச் சேவலின் கழுத்து இறகு மட்டும் போதும் என்றதும் கோழிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏங்க, கோழியை அம்மணமா நான் யாருக்கு விக்கறது?” என்றார். கடைசியில் சேவலையே வாங்கினோம். குழம்பு எங்களுக்கு, இறகு மச்சானுக்கு.

நூல்தான் பெரிய வேலை. பட்டு முறுக்குகிற வீட்டில் கழிவு நூல் மலிவாகக் கிடைத்தது. அதை மூன்று இழையாகப் பின்னி, மெழுகு ஏற்ற வேண்டும். கனமும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் விசிறினால் போகாது. நான் பின்னினால் முடிச்சு முடிச்சாக வந்தது. அம்மா பிடுங்கிக்கொண்டாள். சமையல் முடிந்த மதியங்களில் கால் நீட்டி உட்கார்ந்து, நூல் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பின்னினாள். பெண் பிள்ளைக்குச் சடை பின்னிய கை. ஒரு பிசிறு கிடையாது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை, கடைக்கு ஓடிவிடுவேன்.

இப்படியாக ஒரு கடல் தூண்டில் கடலிலிருந்து அத்தனை தூரத்தில் தயாரானது. விவரம் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அம்மா அதைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னாள், “குடுத்துட்டு ஒடனே வந்துராத. நாலு நாளு இரு. அவன் சாப்புடறானான்னு பாரு.”

துருப்பிடித்த காலை

சேலம், மதுரை, அப்புறம் மணலும் பனையுமாக ஒரு நீண்ட பஸ் பயணம். மச்சானைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகப்படும்படி இளைத்திருந்தார். “வா மாப்ளே” என்றார். அக்கா செத்ததற்குத் தானே காரணம் என்பதுபோல என் முகத்தைப் பார்க்காமல் தைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கடலோரத்துக்குக் கூடவே போனேன். அப்போதுதான் நானும் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறேன். பெரிய ஆறாம்! மாதுவையும் அந்தக் கன்னடக்காரரையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

துணியைப் பிரித்து நீட்டினேன். மச்சான் கழியை வாங்கவில்லை. நூலை மட்டும் விரலால் தடவினார். “மாமி பின்னுனதா?” என்று கேட்டார். தலையசைத்தேன். வெகுநேரம் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கழியை மாட்டினார்.

அன்று ஒன்றும் சிக்கவில்லை. கடல் காற்று நூலை அவர் முகத்திலேயே திருப்பி அடித்தது. ஆனாலும் இருட்டும்வரை வீசினார். அன்று அவர் தண்ணீரை வெறித்துப் பார்க்கவில்லை, இறகைப் பார்த்தார். திரும்பும்போது, மாது சொன்ன மாதிரியே, கடல் தண்ணீரில் துணியை நனைத்து எல்லாவற்றையும் இறுக்கிச் சுற்றினேன். நானேதான் சுற்றினேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாள் காலையில் பிரித்தால் சக்கரம் சுற்றவில்லை. அத்தா பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த தகரம் செங்கல் நிறமாகியிருந்தது. முள் எல்லாம் பழுப்பு. துணியில் துருக் கறை. நூல் விறைத்துப்போய்க் கையில் பிசுபிசுத்தது.

மச்சான் எல்லாவற்றையும் கீழே வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இவரைக் கடலிலிருந்து மீட்க நாங்கள் கொண்டுவந்த ஒரே பொருள் இதுதான். அதுவும் போனால் இனி எதைக் கொடுப்பது?

சக்கரத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் ஓடினேன். அவர்களில் ஒருவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஊருங்க ஒங்களுக்கு?”

“தர்மபுரிங்க.”

“அங்கிட்டுக் கடல் இருக்கா?”

“இல்லீங்க.”

“தெரியுது” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே தேங்காயெண்ணெய் விட்டு, மணல் போட்டுத் தேய்த்துச் சக்கரத்தைச் சுற்ற வைத்தார். “தகரம்னா தகரத்துக்கு உள்ள பாடு படணும். தெனமும் வந்த ஒடனே நல்ல தண்ணில கழுவி, தொடைச்சு, காய வைக்கணும். ஒரு நா விட்டாலும் போச்சு. ஈரத்துணியில சுத்துன மவராசன் யாரு?”

கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

நல்ல தண்ணீர்

அந்த ஊரில் கடல் அளவுக்கு இல்லாவிட்டாலும் கிணறெல்லாம் உப்புத்தான். குடிக்கிற தண்ணீருக்கு ஊர் முழுக்க ஒரு வீட்டைத்தான் நம்பியிருந்தது. கதீஜா என்று ஒரு பெண், புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். கண் தெரியாத தகப்பனாரோடு இருந்தார். அவர்கள் முற்றத்தில் மணலைத் தோண்டினால் ஊறுகிற ஒரு குழி உண்டு. இளநீர் மாதிரித் தண்ணீர். கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும்.

முதல் நாள் நான்தான் மச்சானை இழுத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்.

“குடிக்கத் தண்ணி கேட்டு வருவாக. தொழுகைக்கு ஒளு செய்யக் கேட்டு வருவாக. தூண்டிலைக் குளிப்பாட்டத் தண்ணி கேட்டு வந்தவுகளை இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

உள்ளேயிருந்து தகப்பனார் கேட்டார், “யாரும்மா அது?”

“தையக்காரவுக, அத்தா. முள்ளுக்குத் தாகமாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானுக்கு வரவில்லை. ஆனாலும் அவர் வாய் திறந்து, “ஒரு சொம்பு போதுங்க” என்றார். நான் வந்ததிலிருந்து வெளியாளிடம் அவர் பேசிக் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

அம்மா சொன்னபடி நாலு நாளுக்கு மேலேயே இருந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு நடந்ததை மச்சானும் கதீஜா அக்காவும் பின்னாளில் சொல்லித்தான் தெரியும்.

தினமும் சாயங்காலம் கடல், கடலிலிருந்து நேரே அந்த முற்றம். ஒரு சொம்புத் தண்ணீர். சக்கரத்தைக் கழுவ வேண்டும், முள்ளைத் துடைக்க வேண்டும், நூலைக் கொடியில் நீளமாகக் கட்டி உலர்த்த வேண்டும். நூல் உலர நேரமாகும். அதுவரை எங்கே போவது? முற்றத்திலேயே உட்கார்ந்திருப்பார். தகப்பனார் பேச்சுக் கொடுப்பார். தகப்பனாருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். ஒருநாள் கொடுவா மீன் ஒன்று சிக்கியது. அதை அங்கேயே ஆய்ந்து குழம்பு வைத்தார்கள். தட்டில் போட்டதும் மச்சான் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

“ஏன், உப்பு கூடிப்போச்சா?” என்று கேட்டாராம் கதீஜா அக்கா.

“என் வூட்டுக்காரிதான் மீன் ஆய்வா” என்று ஆரம்பித்தவர், அன்று முழுவதும் சொல்லித் தீர்த்தாராம். சபியா என்று பெயரைச் சொல்லி அழுதாராம். தகப்பனார் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்தச் சேலத்துப் பித்தளைச் சக்கரத்தை வாங்கக் கையில் காசு இருந்திருந்தால், மச்சான் கடலில் தூண்டில் போட்டுவிட்டு, ஒரு உதறு உதறிவிட்டு, நேரே அறைக்குப் போய்ப் படுத்திருப்பார். எங்கள் ஏழைத் தகரம்தான் தினமும் அவரை ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அத்தாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். “துருப்புடிச்ச வேலைக்கு இத்தனை பெருமையா?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். ஆனால் சந்தோஷப்பட்டார், எனக்குத் தெரியும்.

“எனக்கு வேற யாரு இருக்கா?”

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். மச்சான் தானாகவே தர்மபுரிக்கு வந்தார். உடம்பு தேறியிருந்தது. அம்மா வாசலிலேயே அவர் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். கறி எடுத்து வரச் சொன்னாள். இலை நிறையப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் சொன்னார். கதீஜாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றார்.

அம்மா எச்சில் இலையை மடித்தாள். மடித்த இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். “நல்லா இரு” என்றாள். குரலில் அந்த ‘நல்லா இரு’ இல்லை.

“மாமி...”

“நீ பொழைக்கணும்னுதான் நான் தூண்டில் பின்னிக் குடுத்தேன். பொழைச்சுட்ட. அல்ஹம்துலில்லாஹ். போயிட்டு வா.” இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

நியாயம் எதுவாகவும் இருக்கட்டும், எனக்கும் அந்த நேரத்தில் நெஞ்சு காந்தியது. அக்காவின் இடத்தில் இன்னொருத்தியா என்றுதான் எனக்கும் முதலில் வந்தது. நான் மனுஷன்தானே.

மச்சான் கொல்லைக் கதவருகே போய் நின்றார். “மாமி, இன்னும் ஒண்ணு கேக்கணும். கருகமணி கட்ட என் பக்கத்துல பொம்பளை ஆளு இல்ல.”

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் கழுத்தில் தாலிபோல அணிகிற கருகமணியை மாப்பிள்ளை கட்டுவதில்லை. மாப்பிள்ளையின் தாயோ, கூடப் பிறந்தவளோ, அவர் வீட்டுப் பெரிய பெண்மணி ஒருத்தியோ கட்ட வேண்டும். இந்தப் பெண் இனி எங்கள் வீட்டுப் பெண் என்று அதற்கு அர்த்தம். மச்சானுக்குத் தாயில்லை, சகோதரியில்லை. மிச்சமிருந்தது அப்பாவோடு பிறந்த அத்தை ஒருத்திதான்.

“எனக்கு வேற யாரு இருக்கா?” என்றார் மச்சான்.

பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தா எழுந்து போய், “உனக்கு மனசில்லன்னா வேணாம். அங்கயே யாராச்சும் ஒரு அம்மா கட்டட்டும்” என்றார்.

அம்மா சட்டென்று திரும்பினாள். “ஏன், எங்கண்ணன் மவன் அநாதையா?” என்றாள்.

போனோம். மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மதுரையில் வாங்கிக் கொடுத்த இட்லியைத் தொடவில்லை. கடலைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். “இதுலயா நின்னான்?” என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

நிக்காஹ் ஓதி முடிந்தது. நாலு பேர் கூடிய சின்னக் கல்யாணம். ஆண்கள் வெளியே பந்தலில். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்பதால் பெண்கள் இருந்த உள்ளறை வாசல்வரை நான் போய்வர முடிந்தது. கதீஜா அக்கா தலை குனிந்து பாயில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் பின்னால் மண்டியிட்டுக் கருகமணியை எடுத்தாள். கொக்கி மாட்டவில்லை. மறுபடி முயன்றாள். மாட்டவில்லை. பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி உதவிக்குக் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, தானே மாட்டினாள்.

மாட்டியதும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. முன்னால் நகர்ந்து வந்து பாயிலேயே உட்கார்ந்தாள்.

“இத பாரும்மா” என்றாள் மெதுவாக. “அவன் தூக்கத்துல பேசுவான். சின்னதுலேருந்தே பழக்கம். என் மவ பேரைச் சொன்னாலும் சொல்லுவான். மனசுல வெச்சுக்காத.”

கதீஜா அக்கா தலையை நிமிர்த்தினார். மணப்பெண் நிமிரக் கூடாது என்பார்கள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“சொல்லட்டும்மா. அவுக எப்படி இருப்பாக? போட்டோகூட இல்லைன்னாரு. யாரு மாதிரி, ஒங்க மாதிரியா?”

எங்கள் வீட்டில் அத்தனை காலமும் ஒருவரும் அம்மாவிடம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மா அழப்போகிறாள் என்று நான் உள்ளே ஓர் அடி வைத்தேன்.

“என்னைவிடக் கறுப்பு” என்றாள் அம்மா. “முடி மட்டும் அப்படி ஒரு முடி. வாய் சும்மாவே இருக்காது...”

சோறு ஆறுகிறது, வாங்க என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கூப்பிட்டார்கள். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். புதுப்பெண் கருகமணியோடு கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.